நிமிர்ந்து நின்ற முட்டை

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயர் அலாரம். நல்ல நாளிலேயே கெட்ட நாளைப் பற்றிப் பேசுகிறவர் என்பதால் வந்த பெயர். அது கம்பெனி வாசலோடு நிற்காமல் பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்து, பெற்ற அப்பாவே அப்படிக் கூப்பிடத் தொடங்கியபோதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அலாரம் அடிச்சா எரிச்சலாத்தான் இருக்கும். வேற எதுக்கு அது?" என்பார்.

அவர் மனைவிக்கு அவர் ஏன் அப்படி ஆனார் என்று தெரியும். மகள் கைக்குழந்தையாக இருந்த வருஷம் வெள்ளத்தில் பாலம் போய், ஊருக்குள் லாரி வரவில்லை. பால் வாங்கப் போன மனுஷன் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பியபோது கையில் இருந்தது ஒரு பாக்கெட் பிறந்தநாள் மெழுகுவத்தி. கடை அலமாரியில் அதுவும் ஷூ பாலிஷும்தான் மிச்சமாம். வெறுங்கையோடு வர மனசில்லாமல் வாங்கி வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் பால் கொடுத்தார்கள், குழந்தை தூங்கியது, லாரியும் வந்தது, எல்லாரும் மறந்துபோனார்கள். அவர் மறக்கவில்லை. அந்தப் பாக்கெட் பிரிக்கப்படாமல் இன்றைக்கும் சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆகவே கம்பெனிக்கு வேலை குறைந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடுத்து யாரை அனுப்புவார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது மற்றவர்கள் பயந்தார்கள். அலாரம் மண்வெட்டி வாங்கினார். அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தைத் தாண்டி, இரண்டு அறையும் பின்னால் ஒரு துண்டு நிலமும் உள்ள வீட்டுக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்தார். அவர், அவள், பள்ளிக்கூடம் போகிற மகள், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா, அவளுக்கு மாமனார். நாலு பேர், பன்னிரண்டு கோழிகள்.

விவசாயம் யாருக்கும் தெரியாது. ஆனால் லிஃப்ட்டைச் சோதிக்கிற வேலையில் இருந்த அவருக்கு இயந்திரம் தெரியும், அதனால் நிலத்தையும் ஒரு இயந்திரமாகவே பார்த்தார். லிஃப்ட் பெட்டி ஏறும்போது அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு பாரம் இறங்கும்; அந்த எதிர்ப்பாரம் இருப்பதால்தான் சின்ன மோட்டார் அத்தனை பேரைத் தூக்குகிறது. அதே யோசனையில் கோழிக்கூண்டுக்கு ஒரு கதவு செய்தார். காலையில் முதல் கோழி உள்ளே இருக்கிற பலகைமேல் ஏறினால் பலகை தாழும், மறுமுனையில் கயிற்றில் தொங்குகிற செங்கல்லோடு கணக்குச் சரியாகி, கதவு தானாக மேலே போகும். முதல் இரண்டு நாள் கோழிகள் பயந்து கத்தின. மூன்றாம் நாள் வரிசையாக வெளியே வந்தன. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, டிக்கெட் வாங்கிட்டு எறங்குற மாதிரி எறங்குதுங்க," என்றார். அந்த நிலத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். மற்றபடி அவருக்கு அது 'என் பையனோட சாம்ராஜ்யம்'.

பீன்ஸ் கொடி, பூசணி, கீரை, இரண்டு பாத்தி உருளைக்கிழங்கு எல்லாம் எழும்பியதும் அலாரம் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு, கடையிலிருந்து எதுவும் கிடையாது. கரண்ட் கிடையாது. நிலம் கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும்.

"இதுக்குப் பேரு லோடு டெஸ்ட்," என்றார்.

மகள், "அப்பா, இதுக்குப் பேரு பட்டினி," என்றாள்.

அவர் ஒரு தீப்பெட்டியையும் இரண்டு பென்சிலையும் மேஜைமேல் வைத்து விளக்கினார். தீப்பெட்டி லிஃப்ட், பென்சில்கள் அது ஓடுகிற தண்டவாளம். "கயிறுதான் காப்பாத்துதுன்னு ஜனங்க நினைக்கிறாங்க. கயிறு இழுக்கிறதுக்கு. பெட்டிக்கு அடியில ரெண்டு தாடை இருக்கு. வேகம் மீறினா தாடை ரெண்டும் தண்டவாளத்தக் கடிச்சுப் பிடிச்சுக்கும். அது கடிக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்? பெட்டிக்குள்ள இரும்புக் கட்டிய ஏத்தி, தாங்கவேண்டியதுக்கு மேலயே ஏத்தி, வேணும்னே பிரேக்க விட்டுப் பாக்கணும். ஆள் ஏறுறதுக்கு முன்னாடி பாக்கணும். ஏறினதுக்கு அப்புறம் இல்ல."

அப்போதுதான் ஒரு பழைய கதையையும் சொன்னார். அவரோடு வேலை பார்த்த ஒருவன் இரும்புக் கட்டி தூக்கச் சோம்பல்பட்டு, பாதி பாரத்தை வைத்துச் சோதித்துவிட்டு முழுப் பாரம் தாங்கியதாகச் சொல்லிவிட்டானாம். விபத்து ஒன்றும் நடக்கவில்லை. இவர் போய் மறுபடி சோதித்ததில் விஷயம் வெளியே வந்தது. "டெஸ்ட்ல ஃபெயிலான லிஃப்ட்டால யாரும் சாக மாட்டாங்க. அதுல யாரையும் ஏத்தவே மாட்டோமே. பொய்யா பாஸாச்சு பாரு, அந்த லிஃப்ட்டுதான் ஆளக் கொல்லும்." அவனோடு அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் லோடு டெஸ்ட்டை அவர்களால் சனிக்கிழமை மாலைவரைகூட ஓட்ட முடியவில்லை. பூசணி பிஞ்சு, கீரை ஒரு பிடி, உருளைக்கிழங்கு கோலிக்குண்டு. மாமனார் பிஸ்கட் கேட்டு வெளிநடப்பே செய்துவிட்டார். ஃபெயிலானால் நல்லது என்று பாடம் நடத்திய மனுஷன் அன்றைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்க் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்தவர்தான். சூப் ஆறிப்போனது, கூப்பிட்டும் வரவில்லை. அவள் ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெழுகுவத்திப் பாக்கெட்டோடு வாசலில் திரும்பி நின்ற அதே முதுகு.

அடுத்த மாத டெஸ்ட் நெருங்குகிற நேரமாகப் பார்த்துக் கோழிகள் இறகு உதிர்க்கத் தொடங்கின.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பகல் குறுகும்போது கோழி பழைய இறகைக் கொட்டிவிட்டுப் புதிசு முளைக்கவிடும். இறகு செய்யவும் முட்டை செய்யவும் உடம்புக்கு வேண்டியது ஒரே சரக்குதான். இரண்டு வேலையும் ஒன்றாக நடக்காது என்பதால் முட்டைக் கடையை மூடிவிட்டு இறகுக் கடையைத் திறக்கும். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒவ்வொரு கோழியும் பாதி உரித்த தலையணைபோல் சுற்றிக்கொண்டிருந்தது. முட்டைப் பெட்டியில் வைக்கோல் மட்டும் இருந்தது.

அவள் பேக்கரியில் கேக் பிரிவில் வேலை செய்தாள். விடிவதற்கு முன் போய் மதியம் திரும்பிவிடுவாள். நாள் முழுக்க முட்டை உடைக்கிற கை. அன்றைக்கு முதலாளியிடம் விலைக்குச் சொல்லி மூன்று முட்டையை எடுத்துவைத்தாள். கடை முட்டையில் ஓட்டின்மேல் தேதி முத்திரை இருக்கும். பேக்கரித் தட்டில் வருகிற பழுப்பு முட்டையில் இருக்காது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டை வெளிக்காற்றில் வியர்க்கும் என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்து, ஏப்ரனில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண், "குழந்தைங்களா?" என்று கேட்டாள், மடியை அவள் அணைத்திருந்த விதத்தைப் பார்த்து. "அவர் சாயங்காலம் வேலையிலேர்ந்து வர்ற வரைக்கும் அப்படித்தான்," என்றாள் இவள்.

மூன்று முட்டை. ஒருநாளைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் வைத்தாள். சாயங்காலம் கூண்டைத் திறந்தவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்த 'மட்டும்' போய்விட்டது.

ஒரு வாரம் போனது. ஒருநாள் அவள் மூன்று வைத்த இடத்தில் அவர் ஆறு எடுத்துக்கொண்டு வந்தார். கோழிகள் திருந்திவிட்டன என்று அவளுக்கும் சந்தோஷம். மறுநாள் மதியம் வழக்கத்தைவிட முன்னால் வந்து கூண்டுப் பக்கம் போனால், மாமனார் குனிந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் இருக்கவேண்டிய மஃப்ளர் மூட்டையாகக் கையில் இருந்தது.

"மாமா, இங்க என்ன பண்றீங்க?"

அவர் நிமிரவில்லை. "கோழிங்க நல்லாருக்கான்னு விசாரிக்க வந்தேன்மா."

"மஃப்ளர்ல என்ன?"

"குளிருது."

"மஃப்ளருக்கா?"

அவர் மெதுவாக வெளியே வந்து மூட்டையைப் பிரித்துக் காட்டினார். மூன்று. "கடையில எடுத்தது. முத்திரைய வினிகர் போட்டுத் தேச்சேன். கை வலிச்சுப்போச்சு." பிறகு மருமகளின் பையைப் பார்த்தார். பையிலிருந்து சுருட்டிய ஏப்ரன் எட்டிப் பார்த்தது. முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்த கண். "உன் டிக்கெட்டையும் காட்டு," என்றார்.

இருவரும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, கோழிகள் பயப்படுகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"வாயத் தொறந்தா சாம்ராஜ்யம் சாம்ராஜ்யம்னு கிண்டல் பண்ணுவீங்க. இப்ப நீங்களே முட்டை வெக்கிறீங்க."

"கிண்டல் பண்றதுக்காவது அது இருக்கணும்ல. அன்னிக்கு அவன் உக்காந்திருந்த மாதிரி இன்னொரு தடவ என்னால பாக்க முடியாதும்மா."

உருளைக்கிழங்கு விஷயம் அதற்கு அடுத்த டெஸ்ட்டில் வந்தது. அலாரம் செடியைப் பிடுங்கினார். மண்ணைக் கிளறினால் உருண்டையாக, கை நிறையக் கிழங்குகள். ஒரே அளவு. மண் ஒட்டியிருந்ததே தவிர, தோல் துடைத்து வைத்ததுபோலப் பளபளத்தது. "மக்கிய எருவோட வேலை. சீரா சத்து போனா சீராத்தான் விளையும்," என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் நகத்துக்குள் போயிருந்த மண்ணை ரொம்பக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியாக அந்த வீட்டில் மூன்று பேரும், ஆளுக்கு ஒரு பக்கம், நிலத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே நின்றவருக்கு நிலம் உறுதியாக இருப்பதுபோல் தெரிந்தது.

பிரச்சினை ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தது.

"கம்பெனியில கேட்டிருக்காங்க," என்றார் அலாரம், பீன்ஸை முள்கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே. "தானா விலகுறவங்களுக்கு ஒரு தொகை தர்றாங்களாம். திங்கட்கிழமை கடைசி. நான் கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன்."

அவர் முள்கரண்டியாலேயே ஜன்னல் பக்கம் காட்டினார்.

"பின்னாடி இருக்கிற காலி மனையையும் சேத்து வாங்கிடலாம். நூறு கோழி. கோழி இறகு உதிர்க்கிறப்ப முட்டை போடாதுன்னு உலகமே சொல்லுது. நம்மளுது போடுது. ஏன்? நான் கலக்குற தீனி. மொதல்ல நானே நம்பல. ரெண்டு டெஸ்ட் பாத்துட்டேன். ரெண்டும் பாஸ்."

மாமனார் தண்ணீர் குடித்தார். புரையேறியது. மகள் அவர் முதுகில் தட்டினாள், தேவைக்கு அதிகமாகவே.

சாப்பிட்டு முடித்து அவர் கூண்டுக் கதவைப் பார்க்கப் போனதும் சமையலறையில் மூன்று பேரும் கூடினார்கள்.

"நீ சொல்லும்மா," என்றார் மாமனார்.

"நீங்கதான பெத்தீங்க. நீங்க சொல்லுங்க."

"நீதான கட்டிக்கிட்ட."

"ரெண்டு பேரும் சொல்லாதீங்க," என்றாள் மகள். "நாளைக்கும் டெஸ்ட்தான? எதுவும் வெக்காம விட்டுடுவோம். தானா ஃபெயிலாகும். அப்பா கையெழுத்து போட மாட்டாரு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அவரோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள். திடீரென்று முட்டை நின்றால் அவர் காரணம் தேடுவார். தண்ணீர் என்பார், காற்று என்பார், தீனியில் ஒரு பிடி கூட்டுவார். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டே திங்கட்கிழமை கையெழுத்தும் போட்டுவிடுவார். பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்து அவர் ஒருநாளும் பயந்ததில்லை. அவர் நம்புகிற ஒன்றை வைத்தே பழுது எங்கே என்று காட்டவேண்டியிருந்தது. அவளுடைய முட்டைதான் பழுது.

பாதி பாரத்தை வைத்துவிட்டு முழுசும் தாங்கியது என்று சொன்ன அந்த ஆள் நினைவுக்கு வந்தான். அவர் அவனோடு அதற்குப் பிறகு பேசவேயில்லை. அவள் பாத்திரம் கழுவிய கையைத் துடைக்க மறந்து நின்றாள்.

சனிக்கிழமை அவள் எதுவும் வைக்கவில்லை. மதியம் கீரையும் பூசணியும் வேகவைத்து, உப்பு போட்டு, அதையே சூப் என்று பெயர் சொல்லிக் கொடுத்தாள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அலாரம் கூண்டுக்குப் போய்த் திரும்பினார். கையில் இரண்டு முட்டை.

"இன்னிக்குக் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு," என்றார்.

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். மனசு கேட்காமல் ஒன்றாவது வைத்திருக்கிறார்.

கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து மேஜைமேல் வைத்தாள். "என்னங்க, இங்க வாங்க. பேக்கரியில நாங்க ஒண்ணு பண்ணுவோம். உங்களுக்குப் பிடிக்கும்."

முதல் முட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். அது அடிக்குப் போய், அங்கே படுக்காமல், கூர்முனை கீழே, மொட்டை முனை மேலே என்று நிமிர்ந்து நின்றது. ஆடிக்கொண்டே நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணில் அந்த ஆசை வந்துவிட்டது. எந்த இயந்திரத்தின் மூடியைத் திறந்தாலும் வருகிற ஆசை. "ஏன் நிக்குது?"

"நீங்க சொல்லுங்க."

"மேல்முனை லேசா இருக்கு. உள்ள காத்து இருக்கணும்." முகவாயைத் தடவிக்கொண்டார். "ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், குஞ்சு மூச்சு விடணும்ல. அப்போ உள்ள இருக்கிற ஈரம் அது வழியா வெளிய போகும். ஈரம் போன இடத்துக்குக் காத்து வரும். மொட்டை முனையில சேரும். நாளாக ஆக அறை பெருசாகும், முட்டை எந்திரிச்சு நிக்கும்." சந்தோஷமாக நிமிர்ந்தார். "அடடா. வயச சொல்ற மீட்டரு. இது எப்படியும் வாரக்கணக்குல பழசு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார்.

கையில் இருந்த இரண்டாவது முட்டையைப் பார்த்தார். அவரே தண்ணீரில் விட்டார். அது நேராக அடிக்குப் போய்க் குழந்தைபோல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

"இது இன்னிக்குப் போட்டது," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அது எங்க இருந்து வந்துச்சு?"

அவள் சொன்னாள். ஏப்ரன், பேக்கரி, மடி, மஃப்ளர், வினிகர். எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். மகள் தானாகவே, "கிழங்கு நான்," என்றாள். "கடையில கழுவி வெச்சதுதான் கிடைச்சுது. அதான் அழுக்கு பண்ணி வெச்சேன்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து பின்பக்கம் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"போச்சு. கூண்டுக்கு முன்னாடி உக்காந்துட்டான்," என்றார் மாமனார்.

அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. அந்த முதுகை இன்னொரு முறை பார்த்தால் ஏதாவது இனிப்பாகச் சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அவர் வந்தார். கையில் பிடுங்கிய ஒரு உருளைக்கிழங்குச் செடி. அதன் அடியில் நூல்போன்ற வேர்த்தண்டில் இரண்டு சின்னக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டு தொங்கின.

"நிஜக் கிழங்கு இப்படி ஒட்டிக்கிட்டு வரும்," என்றார். "அன்னிக்கு வந்ததுல ஒண்ணுகூட ஒட்டிக்கிட்டு வரல. எனக்குத் தெரிஞ்சுது. பாத்தேன். ஈர மண்ணுல அறுந்திருக்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்." செடியை மேஜைமேல் வைத்தார். "அப்பா, மொதல் டெஸ்ட் ஃபெயிலானப்ப நான் எப்படி இருந்தேன்?"

மாமனார் யோசித்தார். "உண்மையச் சொல்லவா?"

"இனிமே அதத்தான் சொல்லணும்."

"சாவு வீட்டுல உக்காந்த மாதிரி இருந்தடா. கோழிங்ககூட உனக்குத் துணைக்கு அழுத மாதிரி இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். அவள் பக்கம் திரும்பினார். "நீ அந்த ஆள நினைச்சு பயந்தியா? பாதி பாரம் வெச்சவன."

அவள் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"அவன் சோம்பேறித்தனத்துல வெச்சான். உனக்கு அந்த எடத்துல வேற வழி நான் விடல. ஃபெயிலானா எங்கிட்ட வந்து சொல்லலாம்ங்கிற தைரியம் இல்லாத எடத்துல எல்லாரும் பாஸ்னுதான் சொல்லுவாங்க. கம்பெனியில இதுக்காக மேனேஜரத் திட்டியிருக்கேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இருந்தாலும் இன்னிக்குச் சொன்னியே. திங்கட்கிழமைக்கு அப்புறம் சொல்லியிருந்தா?"

அவள் அழுதாள். அவர் கிண்ணத்தை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார், தண்ணீர் சிந்திவிடும் என்பதுபோல.

படுத்திருந்த முட்டையை அன்றைக்கு வேகவைத்தார்கள். நிஜ முட்டை அது ஒன்றுதான். நூலால் நாலாக வெட்டியதும் அவரேதான். கத்தியில் ஒட்டும், நூலில் ஒட்டாது என்று விளக்கம் சொல்லிக்கொண்டே. நின்ற முட்டையை யாரும் தொடவில்லை. "அது ஏன் வீணாகணும், வயசானாலும் நல்ல முட்டைதான்," என்று மாமனார் சொல்லிப் பார்த்தார். "டெஸ்ட் முடியட்டும் தாத்தா," என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வீடே சுருண்டுவிட்டது. பீன்ஸ் தீர்ந்தது. கீரையை மூன்றாம் முறை பார்த்ததும் மாமனார் அதனோடு பேசத் தொடங்கினார். மகள் பாடப் புத்தகத்தில் கேக் படம் வந்த பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். அவள் அம்மாவுக்குத் தலை வலித்தது, ஆனால் மனசுக்குள் எதையோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. ஒளித்து வைக்க ஒன்றுமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவள் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

சாயங்காலம் அலாரம் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "லோடு டெஸ்ட் ஃபெயில்," என்றார், லிஃப்ட் உரிமையாளரிடம் சொல்கிற அதே குரலில். "இந்த நிலம் இன்னிக்குத் தேதிக்கு இந்தக் குடும்பத்துக்கு ஒரு வேளை சாப்பாடு போடும். அதுவும் அப்பா கொஞ்சமா சாப்பிட்டா."

"அது நடக்காது," என்றார் மாமனார்.

"அப்போ அரை வேளை. மெழுகுவத்தியோட வந்து நின்னதுக்கு இது பரவால்ல."

வேலைப் பையிலிருந்து ஒரு தகரப் பலகையை எடுத்தார். பழுதான லிஃப்ட்டின் வாசலில் மாட்டுவது. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று எழுதியிருக்கும். அதைக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டில் மாட்டினார். பாதி இறகோடு நின்ற கோழி ஒன்று அதைக் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிற கடைக்கு நாலு பேரும் நடந்தார்கள். வழியில் அவள் கேட்டாள். "நாளைக்கு?"

"வேலைக்குப் போறேன்."

"கையெழுத்து?"

"ஃபெயிலான பெட்டியில குடும்பத்த ஏத்துவேனா?" பாதையில் கிடந்த ஒரு கல்லைக் காலால் ஓரம் தள்ளினார். "அவங்களா அனுப்பினா அனுப்பட்டும். அதுக்குள்ள ஒரு வேளைய ஒண்ணரை வேளை ஆக்கிடலாம். அடுத்த பட்டத்துல கிழங்க தள்ளித் தள்ளி நடணும். நெருக்கமா போட்டுட்டேன், அதான் குண்டாகல."

"பகல் நீண்டா கோழியும் போடும்."

"போடும். போடாட்டியும் எங்கிட்ட சொல்லு."

கடையில் மாமனார் பிஸ்கட் இருந்த பக்கம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மகள் ரொட்டி எடுத்தாள். அலாரம் நிறைந்திருந்த அலமாரிகளுக்கு எதிரே, எப்போதும்போல, ஒரு நிமிஷம் சும்மா நின்றார். பிறகு பழுப்பு முட்டைத் தட்டு ஒன்றை எடுத்தார்.

"பாத்து எடுடா," என்றார் மாமனார் பின்னாலிருந்து, வாய் நிறைய பிஸ்கட்டோடு. "நம்ம கோழி போட்டது மாதிரியே இருக்கு."

அலாரம் சிரித்தார். தட்டு குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார். அவள் கையை நீட்டி அடியில் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அந்தத் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனார். அவள் அவசரமாகப் பின்னாலேயே போனாள்.

"எதுக்குங்க இது?"

"பெட்டியில ஒரு முட்டை கிடந்தா, இது பத்திரமான எடம்னு கோழி நம்பும். திரும்பப் போட ஆரம்பிக்கிறப்ப இங்கதான் வந்து போடும், புதர்ல போய்ப் போடாது. இது நிஜமாவே வேலை செய்யும்." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து முட்டையின்மேல், எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி, பெரிய பெருக்கல் குறி போட்டார். வைக்கோலைக் குழித்து அதில் படுக்கவைத்தார்.

"இத யாரும் எண்ணக் கூடாது," என்றார்.